உறைந்த டம்ப்ளிங்கும் எயார் பிரையரும்: முதலில் ஆவி, பிறகு சூடு

கேள்வி சுருக்கமாக இதுதான். மட்டக்களப்பு டவுனில் 20 துண்டு கொண்ட கோழி டம்ப்ளிங் பக்கெற் ஒன்றை வாங்கி, மோட்டார் சைக்கிளில் களுவாஞ்சிகுடிக்குக் கொண்டுபோய் பிரீசரில் வைத்திருக்கிறீர்கள். அடுத்த நாள் பின்னேரம் இருபதையும் ஒன்றாக எயார் பிரையரில் கொட்டி, 200 பாகையில் 10 நிமிடம் விட்டிருக்கிறீர்கள். ஓரமெல்லாம் பிஸ்கட் மாதிரி இறுகிவிட்டது. மேலே வெள்ளை மாத் திட்டுகள். மூன்று வெடித்துவிட்டன. ஒன்றைப் பிய்த்துப் பார்த்தால் நடுவில் இன்னும் குளிர். மெஷினில் பிழையா, பக்கெற்றில் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மெஷினில் பிழை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பக்கெற்றில் கொஞ்சம் இருக்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன். பெரிய காரணம், அந்த மாவுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை.

நம் கொழுக்கட்டையை நினைத்துப் பாருங்கள். மாவைக் கொதிநீரில் குழைத்து, உள்ளுடன் (உள்ளே வைக்கும் கலவை) வைத்துப் பிடித்து, ஆவியில் அவிக்கிறோம். மா வேகும்போது வெளியிலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கிறது. டம்ப்ளிங்கும் அதே குடும்பம்தான். சீனர்களின் ஜியாவ்ஸி, யப்பானியரின் கியோசா, நேபாளத்தவரின் மோமோ எல்லாம் கோதுமை மாவை மெல்லிய வட்டமாக உருட்டி, உள்ளுடன் வைத்து மடித்து, அவிக்கவோ நீரில் வேகவைக்கவோ செய்யும் பண்டங்கள். கோதுமை மாவிலுள்ள மாச்சத்து ஏறக்குறைய 60 பாகை சூட்டில் தண்ணீரை உறிஞ்சி வீங்கி மெதுவாகும். அதைத்தான் ‘வெந்துவிட்டது’ என்கிறோம். தண்ணீர் இல்லாவிட்டால் எவ்வளவு சூடு கொடுத்தாலும் மா வேகாது, காயும்; காய்ந்தபின் கருகும். டம்ப்ளிங் மாவைக் குழைக்கும்போது சேர்க்கும் தண்ணீர் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குதான். பிரீசரில் கிடக்கக் கிடக்க அதிலும் கொஞ்சம் போய்விடும்.

இப்போது எயார் பிரையரைப் பாருங்கள். பெயரில் பொரியல் இருந்தாலும் அது விசிறி வைத்த ஒரு சின்ன ஒவன். 2010 இல் பிலிப்ஸ் நிறுவனம் ‘எயார் பிரையர்’ என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது எல்லோருக்கும் காட்டியது உருளைக்கிழங்குப் பொரியலைத்தான். உருளைக்கிழங்கில் பச்சையாகவே ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அது தன் தண்ணீரிலேயே வெந்து, மேல்பக்கம் மட்டும் காய்ந்து மொறுமொறுப்பாகும். அதனால் அந்த மெஷினுக்கு அது பொருந்தியது. டம்ப்ளிங்கின் மேல்மாவுக்கு அந்தச் சேமிப்பு இல்லை. வேகமாக ஓடும் உலர்ந்த சூட்டுக்காற்று, மா வேகுமுன்னே இருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஆகவே மாவை முதலில் அவியவிட்டு, அதன்பிறகு எயார் பிரையரைக் கொண்டு மொறுமொறுப்பாக்க வேண்டும். கீழே சொல்லப்போகிற எல்லா முறைகளும் இந்த ஒழுங்கில்தான் போகும்.

கூடைக்குக் கீழே உள்ள தட்டில் தண்ணீர் ஊற்றினால் ஆவி வரும் என்று பலர் சொல்வார்கள். அந்த ஆவி மெஷினின் பின்பக்கத் துவாரத்தால் வெளியே போய்விடும், மாவில் தங்காது. கொழுப்பு அதிகமுள்ள உள்ளுடன் என்றால் வழியும் கொழுப்பு புகையாமல் இருக்க அந்தத் தண்ணீர் உதவும். அவிக்க உதவாது.

எந்த முறையைப் பிடிப்பதென்று முடிவெடுக்குமுன் பக்கெற்றின் பின்பக்கத்தை வாசியுங்கள். சில கம்பனிகள் டம்ப்ளிங்கை அவித்து ஆறவைத்து உறையவைக்கின்றன. சில பச்சையாகவே உறையவைக்கின்றன. ‘சமைத்தது’, ‘ஆவியில் அவித்தது’ என்று போட்டிருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. எழுத்து விளங்காவிட்டால் ஒரு டம்ப்ளிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அவித்ததன் மேல்மா சற்றுக் கண்ணாடித்தன்மையாக, மினுக்கமாக, உள்ளே இருப்பதன் நிறம் மங்கலாகத் தெரியும்படி இருக்கும். பச்சை மா சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளையாக, மினுக்கமில்லாமல் இருக்கும். விரலால் தடவினால் தூவிய மா ஒட்டும். உங்களுடைய டம்ப்ளிங்கில் வெள்ளைத் திட்டு வந்ததைப் பார்த்தால் அது பச்சை வகைதான். ஒட்டாமல் இருக்கத் தூவிய மா தண்ணீர் படாமல் அப்படியே காய்ந்துபோனதுதான் அந்தத் திட்டு.

பச்சை மா என்றால் நான் முதலில் சொல்வது இடியப்பத் தட்டு முறை. இந்தப் பக்கத்தில் இடியப்பம் அவிக்காத குசினி இல்லை, ஆகவே புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. தண்ணீரை முதலில் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். தட்டில் கோவா இலையோ எண்ணெய் தடவிய வாழையிலைத் துண்டோ விரித்து, பிரீசரிலிருந்து எடுத்த கையோடு டம்ப்ளிங்கை அடுக்குங்கள். அவிந்தபின் மா வீங்கும், அதனால் ஒன்றுக்கொன்று அரை விரல் இடைவெளி இருக்கட்டும். 20 முதல் 25 கிராம் எடையுள்ளவைக்கு 8–9 நிமிடம். உருண்டையாகப் பிடித்த 30 கிராம் மோமோவுக்கு 11–12 நிமிடம். நேரத்தை ஆவி பறக்கத் தொடங்கிய பிறகு எண்ணுங்கள். நீத்துப்பெட்டியிலும் அவிக்கலாம், ஆனால் ஒரு தடவைக்கு ஆறு ஏழுதான் பிடிக்கும். அதுவும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தால் ஒட்டிக்கொண்டு எடுக்கும்போது கிழியும்.

அவித்து எடுத்ததும் நேரே மெஷினில் போட வேண்டாம். ஒரு கம்பித் தட்டிலோ சுளகிலோ பரப்பி 2 நிமிடம் விடுங்கள். மேலே நிற்கும் தண்ணீர் ஆவியாகிப் போய், தொட்டால் சற்றே ஒட்டுகிற பதம் வரும். அந்தப் பதத்தில் எண்ணெய் மெல்லிசாக, சமமாகப் பிடிக்கும். 12 டம்ப்ளிங்குக்கு 2 தேக்கரண்டி எண்ணெய் போதும். பிரஷ்ஷால் தடவி, 3 நிமிடம் வெறுமனே சூடாக்கிய மெஷினில் 200 பாகையில் 4–5 நிமிடம். மூன்றாம் நிமிடத்தில் ஒருதரம் திறந்து புரட்டிவிடுங்கள். மேல்மா மெல்லிய பொன்னிறமாகி, கரண்டியால் தட்டினால் ‘டக்’ என்று மெல்லச் சத்தம் வந்தால் எடுத்துவிடுங்கள். இன்னும் இரண்டு நிமிடம் விடலாமே என்று நினைத்தால் பழையபடி பிஸ்கட்தான்.

அடுப்பை மூட்டாமல் எல்லாவற்றையும் மெஷினுக்குள்ளேயே முடிக்க வேண்டுமென்றால் மூடிய தட்டு முறை. கூடைக்குள் அடங்கும் சின்னக் கேக் தட்டு ஒன்றை எடுத்து, அடியில் எண்ணெய் தடவி, பத்து டம்ப்ளிங்கை அடுக்கி, 3 மேசைக்கரண்டி கொதிநீர் ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். எயார் பிரையரில் சூடு மேலிருந்துதான் வருகிறது. அடியில் கிடக்கும் தண்ணீர் கொதிக்கவே பாதி நேரம் போய்விடும். தட்டை அலுமினியப் பேப்பரால் இறுக்கமாக மூடி ஓரங்களைத் தட்டின் விளிம்புக்குக் கீழே மடித்து அமுக்குங்கள். தளர்வாக விட்டால் விசிறியின் காற்று அதைக் கிளப்பி மேலே உள்ள சூட்டுக் கம்பியில் ஒட்டவைக்கும். 200 பாகையில் 8–9 நிமிடம் முடிந்ததும் மூடியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திறவுங்கள், உள்ளே அடைபட்ட ஆவி முகத்தில் அடிக்கும். மிச்சத் தண்ணீரை வடித்து, டம்ப்ளிங்கின் மேலே எண்ணெய் தடவி, மூடாமல் மறுபடி 200 பாகையில் 5 நிமிடம். இந்த முறையில் அடிப்பக்கம் மெதுவாக, மேல்பக்கம் மொறுமொறுப்பாக வரும். இரண்டு பக்கமும் மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் இரண்டாம் கட்டத்தில் தட்டிலிருந்து கூடைக்கு மாற்றுங்கள்.

இன்னும் அவசரம் என்றால் ஒரு பெரிய பாத்திரத்தில் ஒரு லீற்றர் கொதிநீரை ஊற்றி, உறைந்த டம்ப்ளிங் பத்தைப் போட்டு 2 நிமிடம் விட்டு, வடிதட்டில் வடித்து, எண்ணெய் தடவி 190 பாகையில் 9–10 நிமிடம். மடிப்புகளில் கொஞ்சம் கடினம் இருக்கும், ஆனால் சாப்பிடக்கூடியதாக வரும். மாவில் வெடிப்பு உள்ளவற்றை இதற்கு எடுக்க வேண்டாம், தண்ணீர் உள்ளே போய்விடும்.

அவித்து உறையவைத்த வகைக்கு இவ்வளவு பாடு இல்லை. பிரீசரிலிருந்து நேரே எடுத்து எண்ணெய் தடவி 180 பாகையில் போடலாம். 15–18 கிராம் எடையுள்ள சின்னவற்றுக்கு 9–10 நிமிடம், 20–25 கிராமுக்கு 11–12 நிமிடம். 30 கிராம் மோமோவுக்கு மட்டும் சூட்டை 170 ஆகக் குறைத்து 13–14 நிமிடம். எடை தெரியாவிட்டால் பக்கெற்றின் நிறையைத் துண்டு எண்ணிக்கையால் பிரியுங்கள். 20 துண்டு, 400 கிராம் என்றால் ஒன்று 20 கிராம்.

நடுவில் குளிர் ஏன் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பாதுகாப்பு விடயம். பனியை உருக்குவது இலேசான காரியம் அல்ல. 0 பாகையில் உள்ள ஒரு கிராம் பனிக்கட்டி 0 பாகைத் தண்ணீராக மாறுவதற்கு மட்டும் 334 ஜூல் சக்தி வேண்டும். அதே சக்தியைக் கொண்டு அந்தத் தண்ணீரை 80 பாகை வரை சூடாக்கிவிடலாம். அதனால் நடுவிலுள்ள பனி உருகி முடியும்வரை உள்ளுடன் சூடேறாது. 200 பாகையில் தொடங்கினால் அதற்குள் வெளிமா கருகும் கட்டத்துக்கு வந்துவிடும். இருபதையும் ஒன்றாகக் கொட்டியதும் சேர்ந்துதான் இதைச் செய்தது. 4 லீற்றர் கூடையில் ஒன்றோடொன்று முட்டாமல் 10 முதல் 12 தான் அடுக்கலாம். அதற்கு மேல் போட்டால் காற்று இடையில் ஓடாது. மேலே உள்ளது கருக, கீழே உள்ளது ஈரமாகக் கிடக்கும். இருபது துண்டு என்றால் இரண்டு தடவையாகப் போடுங்கள். இரண்டாவது தடவை மெஷின் ஏற்கெனவே சூடாக இருப்பதால் ஒரு நிமிடம் குறையுங்கள்.

கோழி உள்ளுடனின் நடுப்பகுதி 74 பாகைக்கு வர வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் மிகப் பெரிய டம்ப்ளிங்கின் நடுவில் குத்திப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒன்றை நடுவால் வெட்டுங்கள். ஆவி எழ வேண்டும், வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும், இறைச்சியில் இளஞ்சிவப்பு எங்கும் இருக்கக் கூடாது. இறால் என்றால் கண்ணாடித்தன்மை முழுதும் போய் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மாறியிருக்க வேண்டும். உங்கள் பத்து நிமிட டம்ப்ளிங்கில் நடுவில் குளிர் இருந்ததென்றால் மிச்சமானவற்றையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்.

வெடித்த மூன்றுக்கு வருவோம். உள்ளுடனில் உள்ள தண்ணீர் ஆவியாகும்போது வெளியேற வழி தேடும். வெளிமா வெந்து மெதுவாக இருந்தால் அது கொஞ்சம் விரிந்து கொடுக்கும். காய்ந்து இறுகியிருந்தால் மடிப்போரத்தில் பிளக்கும். முதலில் அவித்தால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் போய்விடும். அதற்குப் பிறகும் வெடித்தால் பிரீசரிலேயே மா கீறியிருக்கிறது என்று அர்த்தம்.

இங்கேதான் பக்கெற்றின் கதை வருகிறது. டவுனிலிருந்து களுவாஞ்சிகுடிக்கு மோட்டார் சைக்கிளில் முக்கால் மணி நேரமாவது எடுக்கும். வெளியில் 32 பாகை வெயில். ஒரு சொப்பிங் பேக்கில் தொங்கவிட்டு வந்தால் அந்த நேரத்துக்குள் ஓரத்தில் உள்ளவை இளகிவிடும். வீட்டில் பிரீசரில் வைத்ததும் மறுபடி உறையும். அந்தத் தடவை பெரிய பனித்துகளாக உறைந்து மாவைக் கீறும். இளகி உறைந்த பக்கெற்றைக் கண்டுபிடிப்பது எளிது. குலுக்கினால் கூழாங்கல் மாதிரித் தனித்தனியாகச் சத்தம் வர வேண்டும். கட்டியாக ஒட்டியிருந்தால், அல்லது பக்கெற்றின் உள்ளே பனிப்பூ நிறையக் கிடந்தால் அது ஒருதரம் இளகியிருக்கிறது. கடையிலேயே குலுக்கிப் பார்த்து வாங்குங்கள். கொண்டுவர மீன் வியாபாரிகள் பாவிக்கும் ரெஜிபோம் பெட்டியில் சின்னது ஒன்று போதும். அடியில் ஐஸ் பக்கெற் ஒன்று, நடுவில் டம்ப்ளிங், மேலே இன்னுமொரு ஐஸ் பக்கெற், இடைவெளிக்குப் பழைய பேப்பர். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ வாங்கி உள்ளூருக்குக் கொண்டுபோகிறவர்களுக்கும் இதே ஏற்பாடுதான். கடையில் எல்லாச் சாமானும் எடுத்து முடிந்தபின் கடைசியாக பிரீசர் பக்கம் போங்கள். வீட்டுப் பிரீசர் மைனஸ் 18 பாகையில் நிற்க வேண்டும். நீண்ட நேரம் கரண்ட் போய் முற்றாக இளகிய இறைச்சி டம்ப்ளிங்கை மறுபடி உறையவைக்காமல் அன்றே சமைத்துவிடுங்கள். இளகிய பிறகு அது எவ்வளவு நேரம் சூட்டில் கிடந்தது என்று தெரியாவிட்டால் வீசிவிடுவதுதான் நல்லது.

வாங்கும்போது இன்னுமொன்று. சீனாவிலும் யப்பானிலும் பன்றி இறைச்சிதான் வழமையான உள்ளுடன். ‘கோழி’ என்று முன்பக்கம் போட்டிருந்தாலும் பின்பக்கப் பொருட்பட்டியலில் பன்றிக் கொழுப்போ, மாட்டு ஜெலற்றினோ இருக்கக்கூடும். காத்தான்குடி, சாய்ந்தமருது, சம்மாந்துறைப் பக்கத்து வீடுகளில் ஹலால் முத்திரையைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். மாட்டிறைச்சி சேர்க்காத வீடுகளும் அந்தப் பட்டியலை முழுக்க வாசிக்க வேண்டும். விருந்துக்குப் பலர் வரும் நாளில் காய்கறி உள்ளுடன் வாங்கினால் எல்லோரும் ஒரே தட்டில் கை வைக்கலாம். முட்டை சேர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

இளகவைத்துவிட்டுச் சமைத்தால் சீக்கிரம் வேகுமே என்ற யோசனை பலருக்கு வரும். செய்ய வேண்டாம். நம் கரையோரக் காற்றின் ஈரத்துக்கு, பிரீசரிலிருந்து வெளியே எடுத்த ஐந்து நிமிடத்தில் டம்ப்ளிங்கின்மேல் தண்ணீர் பூக்கும். அந்தத் தண்ணீர் மாவைப் பசையாக்கும். பசையான மா தட்டில் ஒட்டும், தூக்கும்போது அடி கழன்று உள்ளுடன் தட்டிலேயே தங்கும். வேண்டிய அளவை மட்டும் எடுத்து, மிச்சத்தை உடனே உள்ளே வையுங்கள்.

எண்ணெய் விடயத்தில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். பிரீசரிலிருந்து எடுத்த டம்ப்ளிங்கில் பிரஷ் பட்டதும் எண்ணெய் வெள்ளையாகக் கட்டிபட்டு ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த இடம் மட்டும் பொரிந்து, மற்ற இடம் காயும். அதோடு சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் 175 பாகையளவில் புகையத் தொடங்கும். உறைந்த டம்ப்ளிங்குக்குச் சூரியகாந்தி எண்ணெயோ சோயா எண்ணெயோ பாவியுங்கள். தேங்காய் எண்ணெய் வாசம் கட்டாயம் வேண்டுமென்றால் அவித்த டம்ப்ளிங்கில் தடவுங்கள், அது சூடாக இருப்பதால் நன்றாகப் பரவும். ஆனால் 200 பாகைக்குப் பதில் 170 பாகையில் 7–8 நிமிடம் விடுங்கள். ரின்னில் வரும் ஸ்பிரே எண்ணெய்களில் சேர்க்கும் லெசித்தின் கூடையின் ஒட்டாப் பூச்சில் பிசுபிசுப்பான மஞ்சள் படையாகக் கட்டிக்கொள்ளும், தேய்த்தால் பூச்சும் சேர்ந்து போகும். பிரஷ்தான் நல்லது.

மடிப்புப் பக்கம் எப்போதும் கடினமாகிறது என்று தனியாகவும் கேட்டிருந்தீர்கள். மடிப்பில் மா இரண்டு மூன்று படையாக இருக்கிறது, வேகுவதற்குத் தண்ணீர் அங்கேதான் அதிகம் வேண்டும். ஆனால் மேலே நிமிர்ந்து நிற்பதால் சூட்டுக் கம்பிக்குக் கிட்டவும் அதுதான். அதனால் டம்ப்ளிங்கை நிமிர்த்தி வைக்காமல் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள், பாதியில் மறுபக்கம் புரட்டுங்கள். எண்ணெய் தடவுமுன் மடிப்பில் மட்டும் ஈரக் கையால் ஒருதரம் தடவிவிட்டால் இன்னும் நல்லது.

கூடையில் ஒட்டினால் இழுக்க வேண்டாம். முதல் சில நிமிடம் தொடாமல் விட்டால் அடிமா காய்ந்து தானாகக் கழரும். துளையுள்ள பேக்கிங் பேப்பர் போடலாம். ஆனால் வெறும் பேப்பரைப் போட்டு மெஷினைச் சூடாக்கக் கூடாது, காற்றில் பறந்து கம்பியில் பட்டால் தீப்பிடிக்கும். துளையில்லாத பேப்பர் போட்டால் அடியில் காற்றுப் படாமல் ஈரம் தேங்கும்.

கரண்ட் பக்கம் இரண்டு வார்த்தை. எயார் பிரையர்கள் பெரும்பாலும் 1400 முதல் 1700 வாற்ஸ். 1500 வாற்ஸ் மெஷின் 230 வோல்ற்றில் 6.5 அம்பியர் இழுக்கும். நம் பழைய வீடுகளில் உள்ள உருண்டை முனை 5 அம்பியர் பிளக்குக்கு அது தாங்காது. அடப்டர் போட்டோ மல்ரி பிளக்கில் குத்தியோ பாவித்தால் பிளக் சூடாகி, பிளாஸ்ரிக் வாசம் வரும். 13 அம்பியர் சதுர முனைப் பிளக்கில் நேரடியாகக் கொடுங்கள், அதே இணைப்பில் கேத்தலைப் போட வேண்டாம். பின்னேரத்தில் வோல்ற்றேஜ் இறங்கும் இடங்களில் இன்னுமொரு விளைவு உண்டு. வோல்ற்றேஜ் 10 சதவீதம் குறைந்தால் சூட்டுக் கம்பியின் சக்தி 19 சதவீதம் குறையும். திரையில் 200 என்று காட்டினாலும், கூடையைத் திறந்து மூடியபின் மறுபடி அந்தச் சூட்டுக்கு வர நேரமெடுக்கும். அப்படியான நேரத்தில் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள், அடிக்கடி திறக்காதீர்கள்.

எல்லா வகையும் எயார் பிரையருக்குச் சரிவராது. கண்ணாடி மாதிரி வெளிறிய மேல்மா கொண்ட இறால் டம்ப்ளிங் முழுக் கோதுமை மாவில் அல்ல, பெரும்பாலும் கோதுமையிலிருந்து பிரித்த மாச்சத்தைக் கொண்டு செய்வது. மாவை இழுபடவைக்கும் குளூட்டன் இல்லாததால் உலர்ந்த சூட்டில் வெடித்துக் கடினமாகும். அதை அவித்து மட்டும் சாப்பிடுங்கள். உள்ளே சூப் நிறைந்த வகையும் அப்படித்தான், பிளந்தால் சூப் எல்லாம் தட்டில். நம் அரிசிமாக் கொழுக்கட்டையைப் பிரீசரில் வைத்து எயார் பிரையரில் சூடாக்குவதும் வேண்டாம், கல்லாகும். மறுபடி ஆவியில் வைத்தால் புதிது போல வரும். ரோல்ஸ், பற்றீஸ், சமோசா எல்லாம் வேறு கணக்கு. ரோல்ஸின் உள்மா ஏற்கெனவே சுட்டது, பற்றீஸ் மாவில் கொழுப்புப் பிசைந்திருக்கிறது, சமோசாத் தாள் மெல்லியது. அவற்றை எண்ணெய் தடவி 180–190 பாகையில் 10 நிமிடமளவில் நேரே போடலாம். அதைப் பார்த்துத்தான் டம்ப்ளிங்கையும் அப்படியே போடுகிறார்கள்.

அடிப்பக்கம் மொறுமொறுப்பு, மேலே மெதுமெது என்ற கியோசா பதம்தான் உங்களுக்கு வேண்டுமென்றால் எயார் பிரையரை விட மூடியுள்ள ஒட்டாத் தாச்சி நல்லது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைச் சூடாக்கி, உறைந்த டம்ப்ளிங்கை அடுக்கி, 2 நிமிடத்தில் 75 மில்லிலீற்றர் தண்ணீர் ஊற்றி மூடி 7–8 நிமிடம், பிறகு திறந்து தண்ணீர் வற்றி அடி சிவக்கும்வரை. எண்ணெய் குறைவாக, சுற்றிவர மொறுமொறுப்பாக வேண்டும்போதுதான் எயார் பிரையரின் தேவை.

வீட்டிலேயே செய்து உறையவைக்க விருப்பமென்றால் இந்தச் சிக்கல் முழுவதையும் தொடக்கத்திலேயே தவிர்க்கலாம். 250 கிராம் கோதுமை மா, அரைத் தேக்கரண்டி உப்பு, 130 மில்லிலீற்றர் சுடுநீர். பிசைந்து ஈரத்துணியால் மூடி 30 நிமிடம். 150 கிராம் கோவாவைப் பொடியாக அரிந்து, அரைத் தேக்கரண்டி உப்புப் பிரட்டி 15 நிமிடத்தில் இறுக்கிப் பிழியுங்கள். பிழியாவிட்டால் அந்தத் தண்ணீர்தான் பிறகு டம்ப்ளிங்கை வெடிக்கவைக்கும். அரைத்த கோழியோ, வாவியில் பிடிக்கிற சின்ன இறாலைக் கொத்தியதோ 250 கிராம், இஞ்சி, உள்ளி, வெங்காயத்தாள், மிளகு. இது ஏறக்குறைய 30 டம்ப்ளிங்குக்கு வரும். மாவின் நடு சற்றுத் தடிப்பாக, ஓரம் மெல்லிசாக 9 சென்ரிமீற்றர் வட்டத்துக்கு உருட்டுங்கள். பிடித்து 8 நிமிடம் அவித்து, முற்றாக ஆறவிட்டு, எண்ணெய் தடவிய தட்டில் தனித்தனியாக 3 மணி நேரம் உறையவைத்து, பிறகு பையில் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். ஒன்றிரண்டு மாதம் நன்றாக இருக்கும். சமைக்கும்போது எண்ணெய் தடவி நேரே 180 பாகையில் 11 நிமிடம்.

தொட்டுக்கொள்ள: 2 மேசைக்கரண்டி சோயா சோஸ், 1 மேசைக்கரண்டி வினாகிரி, அரைத் தேக்கரண்டி சீனி, நசித்த உள்ளி ஒரு பல், இடித்த செத்தல் மிளகாய். சீனர்கள் ஊற்றும் எண்ணெய் வறுத்த எள்ளில் பிழிந்தது, நம் நல்லெண்ணெயில் அந்த வாசம் வராது. ஒரு தேக்கரண்டி எள்ளை வெறும் தாச்சியில் வெடிக்கும்வரை வறுத்து, சூட்டோடு இடித்துச் சேர்த்தால் கிட்ட வரும். வினாகிரி இல்லாவிட்டால் தேசிக்காய்ப் புளி.

எடுத்த டம்ப்ளிங்கை மூடி வைத்தால் ஆவியில் நனைந்து தொய்யும், கூடையிலேயே விட்டால் மிச்சச் சூட்டில் இறுகும். கம்பித் தட்டில் பரப்பி, பத்து நிமிடத்துக்குள் பரிமாறுங்கள். இந்த வெயிலுக்கு மேசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடக்கவிடாமல் மிச்சத்தைப் பிரிட்ஜில் வையுங்கள். அடுத்த நாள் சூடாக்கும்போதும் முதலில் ஈரக் கையால் ஒவ்வொன்றையும் தடவி, அலுமினியப் பேப்பரில் பொதிந்து 160 பாகையில் 5 நிமிடம், பொதியைத் திறந்து 200 பாகையில் 2 நிமிடம்.